சிலம்புக்குள் என்ன பரல்?

கேள்வி: ஜார்ஜ் டவுனில் மூன்று தலைமுறையாக நகைப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் சிலப்பதிகார நாடகம் போட்டபோது, "உன் தாத்தா தொழில்தானே!" என்று சிரித்துக்கொண்டே என் மகனுக்குப் பொற்கொல்லன் வேடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காப்பியத்தின் வில்லன் பத்தர், அதாவது பொற்கொல்லர்தானா?
— வாசகி, பினாங்கு

பதில்: அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன், பழியைக் கோவலன் மேல் போட்டவனும் அவனே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தால், இளங்கோவடிகள் பாண்டியனையும் எளிதில் விட்டுவிடவில்லை என்பது தெரியும். ஆடல் மகளிரை அரசன் ரசித்ததால் ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அவள் மாளிகையை நோக்கி வரும்போதுதான், காவல் வாயிலில் கொல்லன் காலில் விழுந்து, கள்வன் அகப்பட்டான் என்கிறான். அப்போது நெடுஞ்செழியன் 'தேரானாகி', அதாவது ஆராயாதவனாய், கொன்று அச்சிலம்பைக் கொண்டுவருமாறு ஆணையிடுகிறான். சிலம்புக்கு உரியவள் சில அடி தூரத்தில், உள்ளே இருக்கிறாள். அவளைக் கேட்கக்கூடத் தேவையில்லை. வழக்குரை காதையில் "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று சொல்பவன் அந்த அரசனேதான். தன் வீட்டுச் சிலம்புக்குள் முத்துப் பரல் என்று தெரிந்தவன், பிடிபட்ட சிலம்புக்குள் என்ன பரல் என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்று தெரிந்து, கதை அந்த வாயிலிலேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். கண்ணகி அவையில் முதலில் வீசும் சொல் "தேரா மன்னா" என்பது தற்செயல் அன்று.

அரசன் ஆராயாததைக் காவலர்கள் ஓரளவு ஆராய்ந்தார்கள் என்பதுதான் வேதனை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வருக்குத் துணையானவை எட்டு என்று கொல்லன் நீட்டி முழக்கி அவர்களைக் குழப்புகிறான். அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவர்கள் தயங்கியதை எந்த நாடகத்திலும் நான் பார்த்ததில்லை. பள்ளி மேடையில் கொல்லன் திருட்டு விழி விழிப்பதற்குத்தான் கைத்தட்டல்.

உங்கள் மகனிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பலியாக ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் கொன்றான் என்று நீர்ப்படைக் காதை போகிற போக்கில் சொல்கிறது. திருடியவன் ஒருவன், தலை கொடுத்தவர் ஆயிரவர். கோவலன் இறந்ததற்கு முற்பிறப்பில் அவன் செய்த கொலையைக் காரணமாகக் காட்டும், மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி, இந்த ஆயிரவரின் முற்பிறப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்ற பதிகத்தின் வாக்கை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அது எனக்குப் போதவில்லை. நாடகத்தில் கேலி செய்தவர்களும் ஒருவன் குற்றத்தை ஒரு தொழிலின் மேல் ஏற்றிய அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் மாதவி? கோவலனைக் கெடுத்தவள் அவள்தானே?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கானல்வரியில் அவள் பாடியதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மாயத்தாள் என்று பழித்துப் பிரிந்தவன் கோவலன். அவள் அனுப்பிய முதல் ஓலையை அவன் வாங்கக்கூட இல்லை. மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் கொண்டுவந்த இரண்டாம் ஓலையைப் படித்த பிறகு, அவள் மேல் தீதில்லை, 'என் தீது' என்று அவனே உணர்கிறான்.