அனுபவம் எப்போது பாடமாகிறது?

பணியிலும் வாழ்க்கையிலும் பட்டறிந்தவற்றுள் எது உங்களை உண்மையில் வளர்த்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னை வளர்த்தது ஒரு பழக்கம். முக்கியமான முடிவு எதையும் எடுக்கும் நாளிலேயே, அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஏன் அப்படி எதிர்பார்க்கிறேன் என்பவற்றை எழுதி வைத்துவிடுவேன்.

காரியம் முடிந்த பிறகு நினைவு நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும் என்பதால் இது தேவைப்படுகிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்வதற்கு முன்பு, அப்பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சிலரை மதிப்பிடச் சொன்னார்கள் பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்னும் உளவியலாளர்கள். பயணங்கள் முடிந்த பின், அன்று தந்த மதிப்பீட்டை நினைவுகூரச் சொன்னபோது, நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் உண்மையில் தந்ததைவிடக் கூடுதல் வாய்ப்பைத் தந்திருந்ததாகவே பலரும் எண்ணினார்கள். 1975இல் வெளியான அந்த ஆய்வு எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: “எனக்கு அப்போதே தெரியும்” என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை, அவர் நினைவில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் எல்லாம் முன்பே தெரிந்திருந்ததாக நம்புகிறவர் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, “மாத அறிக்கையும் வரவுசெலவுக் கணக்கும்தான் சிரமம் தரும், ஆட்கள் எல்லாரும் பழகியவர்கள், கவலையில்லை” என்று எழுதியிருந்தேன். ஓராண்டு கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அறிக்கை சில வாரங்களிலேயே கைவந்திருந்தது. நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு விடுப்பை மறுப்பதும், அவர் வேலையில் உள்ள குறையை அவர் முகம் பார்த்துச் சொல்வதும்தான் என் தூக்கத்தைக் கெடுத்திருந்தன. வேறு சில முடிவுகளைப் பற்றிய பக்கங்களிலும் இதே சாயல் தெரிந்தது: வேலையின் கடினத்தைக் கூட்டியும், மனிதர்களுக்கிடையிலான சங்கடத்தைக் குறைத்தும் மதிப்பிடுவது என் இயல்பு. யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் ஏற்றிருப்பேனா என்பது ஐயமே. என் கையெழுத்திலேயே இருந்ததால் மறுக்க முடியவில்லை.

மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கரும் இம்முறையைப் பரிந்துரைத்தவர். 9 முதல் 12 மாதங்கள் கழித்து எதிர்பார்ப்பையும் விளைவையும் ஒப்பிடச் சொன்னார். அந்த இடைவெளியில்தான் சிக்கலே இருக்கிறது. உள்ளுணர்வைப் பற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வாய்ப்பும் கிடைத்தால் மட்டுமே அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்பலாம் என்று உடன்பட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்குத் தம் செயலின் விளைவு உடனே தெரிந்துவிடுகிறது. எந்த வேலையில் சேர்வது, யாரைப் பணிக்கு எடுப்பது போன்ற முடிவுகளிலோ விளைவு வந்து சேரும்போது காரணமே மறந்துபோயிருக்கும். ஒரே துறையில் இருபது ஆண்டுகள் இருந்தும் சிலர் முதிர்ச்சி அடையாததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

குடும்ப உறவுகளுக்கு இம்முறையை நான் கொண்டுசெல்வதில்லை. அங்கே ஊகித்து எழுதுவதைவிட நேராகக் கேட்பதே மேல். தந்தை நோயுற்றிருந்தபோது அவருக்கு என்ன தேவை என்று நாங்கள் பலவாறு யோசித்தோம், “உங்களுக்கு என்ன வேண்டும், அப்பா?” என்று கேட்டபோது, பழைய நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்றார். அதை நாங்கள் யாருமே நினைத்திருக்கவில்லை.

நீங்கள் தொடங்க விரும்பினால், தேதி, முடிவு, எதிர்பார்ப்பு, காரணம், நூற்றுக்கு எத்தனை விழுக்காடு உறுதி என்பவற்றை மட்டும் குறித்தால் போதும். எழுதியதைப் பிறகு திருத்தாதீர்கள். ஒப்பிடும் நாளில் விளைவோடு நிறுத்திக்கொள்ளாமல் காரணத்தையும் பாருங்கள். ஏனெனில் தவறான காரணத்துக்காக எடுத்த முடிவும் சில வேளைகளில் நன்றாக முடிந்துவிடுகிறது, அத்தகைய பக்கங்களே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன.