முறிந்த நேர்த்தியும் சுண்ணாம்பு தடவிய முட்டியும்

கேள்வி: எனக்கு 36 வயது. யாழ்ப்பாணக் கரையில் கடற்றொழில் செய்கிறேன். பதினைந்து வருஷமாகக் குடிக்கிறேன். முந்தி கள்ளு, இப்போது சாராயம். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. இந்தத் தபசுகாலத்தில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துக் குடியை நிறுத்தினேன். இருபது நாள்தான். இப்படி முறிந்தது இது மூன்றாவது தடவை. மனைவி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டா. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கையே மீறியவன் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிற முகத்தோடு போங்கள்.

எங்கள் பழைய ஆட்கள் இராயப்பர் என்று சொல்லும் பேதுருவும் உங்களைப் போலக் கடற்றொழிலாளிதான். 'சாகவேண்டி வந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்' என்று இயேசு ஆண்டவரிடம் சொன்னவர், அன்று இரவே சேவல் கூவ முன்னர் மூன்று தடவை மறுதலித்தார். பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு பழையபடி கடலுக்குப் போனார். இரவு முழுக்க ஒன்றும் படவில்லை. விடியக் கரைக்கு வந்தால், ஆண்டவர் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை கேட்டதும் 'என்னை நேசிக்கிறாயா' என்றுதான். 'ஏன் வாக்கை மீறினாய்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்ததாக உடம்பு. காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சும்மா விடக்கூடாது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்புக் காணலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். போன தடவை தப்பியதால் இனியும் தப்பும் என்றில்லை. ஆகவே தனியே நிறுத்தாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த நாட்களைக் கடக்க மருந்து இருக்கிறது. போகவே தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள். வைத்தியர் சரி என்று சொல்லும்வரை கடலுக்குப் போகவேண்டாம். நடுக்கடலில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது? மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

சரி, நேர்த்திக்கு வருவோம். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். பன்னிரண்டு வயதளவில் குடிக்கத் தொடங்கியவர். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஒருவரின் வயலினைக் கூட்டாளிகளோடு சேர்ந்து திருடி, விற்றுக் குடித்திருக்கிறார். 1884இல் அவருக்கு 28 வயது. ஒருநாள் கையில் காசில்லை. தான் எத்தனையோ தடவை வாங்கிக்கொடுத்த கூட்டாளிகள் ஒருவராவது ஒரு கிளாஸ் வாங்கித் தரவில்லை. அந்த நோவோடு வீட்டுக்குப் போய், குடியை விடப்போவதாகத் தாயிடம் சொன்னார். பிறகு பாவசங்கீர்த்தனம் செய்து வாக்குக் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்றே மாதத்துக்கு! அது முடிய இன்னும் கொஞ்சக் காலம், அதன் பிறகுதான் ஆயுளுக்கு. அந்த முதல் மாதங்கள் அவருக்கு நரகம். வேலை விட்டதும் சாராயக் கடைப் பக்கம் கால் போகாமலிருக்கக் கோயிலுக்குள் போய் இருப்பார். கையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டார். வயலின்காரரைத் தேடித் திரிந்தும் காணாமல், அந்தக் காசை அவர் ஆன்மாவுக்காகப் பூசைக்குக் கொடுத்தார். 1925இல் பூசைக்குப் போகும் வழியில் விழுந்து இறக்கும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் குடிக்கவில்லை.

ஆகவே ஆயுளுக்கு என்று அந்தோனியாருக்கு இப்போது நேர்த்தி வைக்காதீர்கள். இன்றைக்கு வையுங்கள். நாளைக்குத் திரும்ப வையுங்கள்.

எங்கள் ஊரில் பனை சீவும் ஐயா ஒருவர் கருப்பணி, அதாவது புளிக்காத இனிப்புப் பனஞ்சாறு, இறக்குவதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரே மரம், ஒரே பாளை. சாறு பிடிக்கும் மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு. சொட்டு விழ முன்னரே தடவவேண்டும். புளித்த பிறகு தடவிப் பிரயோசனம் இல்லை. ஒரு நாள் தவறிப்போனால் அதற்காக யாரும் மரத்தைத் தறிப்பதில்லை. முட்டியைக் கழுவி, திரும்பத் தடவிக் கட்டுவார்கள்.

உங்களுக்கு அந்த முட்டி எது? மீன் விற்ற காசு கைக்கு வரும் நேரம் என்று நினைக்கிறேன். கடலுக்குத் திரும்பியதும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் பங்கைச் சகோதரியிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ கொடுக்கச் சொல்லுங்கள். கரையில் கூடிக் குடிக்கும் நேரத்துக்குள் வேறெங்காவது போய்விடுங்கள்.

இன்னொன்று, குடியை விட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் கோயில் பங்கிலேயே ஒருவர் இருப்பார், பங்குச் சுவாமியைக் கேட்டால் தெரியும். 1935இல் அமெரிக்காவில் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தன்னைப்போலக் குடியோடு மல்லுக்கட்டிய பில் வில்சனைச் சந்தித்துக் குடியை நிறுத்தினார். சில வாரத்தில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர், குடித்துவிட்டுத்தான் திரும்பினார். பில் அவரைக் கைவிடவில்லை. அந்த ஜூன் 10 அன்று பொப் கடைசியாகக் குடித்தார். 1950இல் இறக்கும்வரை பிறகு தொடவில்லை. அவர்கள் இருவரும் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. அது அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. விழுந்து எழும்பிய ஒருவரின் நாள்.

மனைவியைப் பற்றி ஒரு சொல். எங்கள் அப்பாவும் குடித்து, பிறகு குடியை விட்டவர்தான். விட்ட முதல் வருஷம் முழுக்க, அவர் படலையைத் திறக்கும் சத்தத்துக்கு அம்மா நடுங்கினா. அவர் குடிக்காமல் வந்த நாட்களிலும் நடுங்கினா. உங்கள் மனைவிக்கும் காலம் கொடுங்கள். இப்போதைக்குச் சத்தியம் ஒன்றும் அனுப்பவேண்டாம், பிள்ளைகளின் செலவுக்குக் காசு அனுப்புங்கள்.

இந்த ஞாயிறு பூசைக்குப் போங்கள். கடைசி வாங்கில் இருந்தாலும் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து எனக்குத் திரும்ப எழுதுங்கள். இடையில் விழுந்தால் மூன்று மாதம் பார்த்துக்கொண்டிராமல் அடுத்த நாளே எழுதுங்கள்.