ஆச்சியின் பெயர்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்தைந்து நாளாகிறது. சிறுவயதில் என்னை வளர்த்தது அப்பாவைப் பெற்ற ஆச்சி. தென்காசிப் பக்கம். ஆச்சியின் பெயர் உலகம்மாள். அதையே பிள்ளைக்கு வைக்க ஆசைப்படுகிறேன். கணவர் 'உன் இஷ்டம்' என்கிறார். மற்ற எல்லோரும் எதிர்ப்பு. நாத்தனார் நியூமராலஜி பார்த்து ஐந்து பெயர் அனுப்பியிருக்கிறார். ஐந்தும் ஷாவிலோ ஷிகாவிலோ முடிகின்றன. 'பச்சைப் பிள்ளையைப் பிறந்ததுமே கிழவியாக்கப் பார்க்கிறாயா' என்று என் அம்மாவே கேட்கிறாள். அது அவளுடைய மாமியார் பெயர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்களே, நாளை வெளிநாடு போனால் என்ன பாடுபடுவாளோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. என் ஆசைக்காகப் பிள்ளையைச் சிரமப்படுத்துகிறேனா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு உங்கள் பெயரைப் போடாதே என்கிறீர்கள். சரி, போடவில்லை.

உங்கள் அம்மா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உலகம்மாள் என்ற சொல்லுக்குள் கிழத்தனம் எங்கே இருக்கிறது? தென்காசியிலும் பாபநாசத்திலும் கோயிலில் நிற்கிற உலகம்மை கிழவி இல்லை. எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் நின்று 'ஏளா, உலகு' என்று கூப்பிட்டிருந்தால், பாண்டி ஆடிக்கொண்டிருந்த நாலு சிறுமிகள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அந்தச் சிறுமிகளுக்கு ஒன்றுபோல வயதானது. அவர்களுக்குப் பிறகு யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை. அதனால் நாம் பார்த்த உலகம்மாள்கள் எல்லோருமே பொக்கைவாயோடு இருக்கிறார்கள். பெயர் கிழடானது இப்படித்தான்.

புதுப் பெயருக்கு இந்தக் கதி வராது என்று நாத்தனார் நினைக்கிறார். என்னோடு படித்த ஒருவன் சுடலைமுத்து. எங்கள் பக்கத்தில் சுடலைமாடனைக் கும்பிடுகிற வீடுகளில் சாதாரணமான பெயர். பட்டணத்துக் கல்லூரியில் அது சுடுகாடாகிவிட்டது. விடுதியில் அவன் அறைக்கதவில் யாரோ சாம்பலால் பட்டையே போட்டுவைத்தார்கள். படிப்பு முடிந்த கையோடு அரசிதழில் விளம்பரம் கொடுத்து ரமேஷ்குமார் ஆனான். அன்றைக்கு அதைவிடப் புதுசான பெயர் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் அந்த 'ஷ்'ஷோடு மல்லுக்கட்டி 'ரமேசு' என்றார்கள். போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவிலிருந்து அப்பாவின் பழைய மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்த மகள், 'சுடலைன்னு எவ்வளவு கெத்தான பேரு, இதை விட்டுட்டு யாராவது ரமேஷ்குமார்னு வைப்பாங்களா, அங்கிள் பேரு மாதிரி' என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்ன சொல்வது? அவன் அங்கிள்தான். ஆனால் அவன் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை.

இதில் ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தோன்றும். நமக்குப் பழசாகத் தெரிவது அத்தை, மாமா பெயர்கள்தான். இன்று பிறக்கிற குழந்தைக்கு யாராவது சுமதி என்றோ சுரேஷ் என்றோ வைக்கிறார்களா? இன்னும் ஒரு படி மேலே போனால் கூச்சம் பாதியாகிறது. அதற்கும் மேலே போய்விட்டால் பெயர் பளபளப்பாகிவிடுகிறது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கிடைத்த செய்தி வந்த பிறகு, ஆதன் என்று பெயர் வைத்த இரண்டு குழந்தைகளை நானே பார்த்துவிட்டேன். சேர அரசர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. புகளூர்க் கல்வெட்டிலும் ஆதன் இருக்கிறான். இரண்டாயிரம் வருடத்துப் பழைய பெயரை மாடர்ன் என்கிறோம், எண்பது வருடத்துப் பெயரைக் கிழவி என்கிறோம்.

எல்லாப் பழைய பெயரும் திரும்பி வந்துவிடாது. எகிப்தில், செங்கடல் கரையில், குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் இரண்டு பெயர்கள்: கணன், சாதன். கண்ணனும் சாத்தனும்தான். மிளகு ஏற்றிக்கொண்டு போன கூட்டத்தில் இருந்திருப்பார்கள். கண்ணன் இன்றைக்கும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சாத்தன் எங்கே போனான்? இலக்கண உரைகாரர்கள் எதற்கெடுத்தாலும் உதாரணத்துக்கு 'சாத்தன் வந்தான்' என்றுதான் எழுதினார்கள். அந்த அளவுக்குத் தெருவுக்குத் தெரு சாத்தன் இருந்திருக்கிறான். இன்று குழந்தைக்கு அதை வைத்தால் சாத்தானா என்று கேட்பார்கள்.

வெளிநாட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆசையாக யாழினி, மகிழினி என்று வைக்கிறார்களே, அந்த ழகரத்தைச் சொல்ல நம்மூரிலேயே பாதிப்பேருக்கு நாக்கு வராது. பிச்சை என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையாகத் தவறிப்போன வீடுகளில், அடுத்த பிள்ளையாவது தங்கட்டும் என்று வைக்கிற பெயர்களில் ஒன்று அது. குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்புசாமி, தவிட்டுக்கு விற்று வாங்கினால் தவிட்டம்மாள், மூக்குக் குத்திவிட்டால் மூக்கன். பிச்சை என்ற பெயரைச் சொல்லக் கூசி எத்தனையோ பேர் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிக்கொண்டார்கள். 2015இல் சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைவரானார். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் திருவோடு ஞாபகம் வருவதில்லை. ஸ்டாலின் இன்னொரு உதாரணம். கருணாநிதிக்கு மகன் பிறந்தது 1953 மார்ச் 1. நாலு நாளில் ரஷ்யாவில் ஸ்டாலின் இறந்தார், பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்தது. 1961இல் ரஷ்யர்களே ஸ்டாலின்கிராடு நகரத்தின் பெயரை வோல்கோகிராடு என்று மாற்றிவிட்டார்கள். இங்கே ஸ்டாலின் என்றால் யாரும் ரஷ்யாவை நினைப்பதில்லை. பெயருக்கு ஆள் அர்த்தம் கொடுத்துவிடுகிறார்.

ஆனால் பள்ளிக்கூடத்துக் கேலி நிஜம். அதை நான் சிறிதாக்க மாட்டேன். அறைக்கதவில் பூசிய சாம்பலை நானும் பார்த்தேன், துடைக்கப் போகவில்லை. பெயரைச் சுருக்கிக் கூப்பிட ஒரு வழி வைத்துவிடுங்கள். உலகு என்பதே நன்றாகத்தானே இருக்கிறது? முன்பெல்லாம் மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பேரனுக்குத் தாத்தா பெயர்; பெயரன் என்பதுதான் பேரன். அப்படியிருக்கப் பெற்ற தாய் தன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? ராசா, தம்பி, ஐயா என்று வீட்டுக்கு ஒரு பெயர் தானாக முளைத்தது. உங்கள் அம்மாவும் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார், அவருக்கும் சங்கடம் தீரும்.

உங்கள் ஆசையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தாத்தா பெயர்கள் அப்பாவின் இனிஷியலாகவாவது ஒரு தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டு வரும். பாட்டி பெயர்கள் அப்படி எந்தக் காகிதத்திலும் தொடருவதில்லை. உங்கள் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'உ' இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

இவ்வளவு சொன்னாலும், 'பாட்டி பெயர் என்றாலே வைத்துவிடுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன். என் பெரியத்தையின் பெயர் போதும்பொண்ணு. நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்தவள். ஊரில் எல்லோரும் பொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேத்தி கல்யாணப் பத்திரிகையில், ரேஷன் கார்டைப் பார்த்து முழுப் பெயரையும் அச்சடித்துவிட்டார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தாம்பாளத்தில் அடுக்கியிருந்த பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் 'போதும்' என்பதை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து நானும் அடித்தேன். முந்நூறு பத்திரிகை, சாயங்காலம் வரை ஆனது. அந்தப் பெயரைப் பழமை என்று சொல்லி யாராவது பேத்திக்கு வைத்தால் அவள் கையை ஓங்கியிருப்பாள். இதே மாதிரி, மேல்சாதிக்காரர்கள் காதுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று மதிப்பான பெயர்களை மறுத்துவிட்டு, கண்டதைச் சொல்லி அழைத்த ஊர்களும் நம்மிடம் உண்டு. அந்தப் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அறிவழகன், தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொண்டவர்களிடம் போய் மண்வாசனை பேச எனக்கு வாய் வராது.

ஆச்சி இருக்கிறார்களா, இல்லையா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் நாத்தனாரை விட்டுவிட்டு ஆச்சியிடம் பேசுங்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடித்திருந்ததா, யார் வைத்தது, என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். 'அந்தக் கண்றாவியை ஏன் பிள்ளைக்கு வைக்கிறே' என்று அவர்களே சொன்னாலும் சொல்லலாம். அப்படிச் சொன்ன ஆச்சிகளை எனக்குத் தெரியும்.

அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வழி இருக்கிறது. ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். ரமேஷ்குமாரைக் கேட்டால் சொல்வான்.