எந்த கவுன்ட்டியில் வீடு மலிவு? வாசகர் கேள்வி-பதில்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கும் சீசன் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். ஏர் ஃபிரையர், மெத்தை, பழைய கார் எல்லாம் காணாமல் போய் வீட்டுக் கேள்விகள் குவியும். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வீடு மலிவு? ஆள்தான் வேறு வேறு. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மிடில்செக்ஸ் கவுன்ட்டி, சாமர்செட் கவுன்ட்டி, இரண்டில் எது மலிவு சார்? ஒரே வரியில் சொல்லுங்கள். (பிஸ்கட்டவே வாசகர்)

எந்தத் தெரு?

கேள்வி: 21 கவுன்ட்டிக்கும் எக்செல் போட்டிருக்கிறேன். சராசரி வீட்டு விலையைச் சராசரி குடும்ப வருமானத்தால் வகுத்தால் கம்பர்லாந்து, சேலம், கேம்டன் என்று தெற்குப் பக்கம்தான் நன்றாக வருகிறது. என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என் கணக்கில் என்ன தப்பு? (எடிசன் வாசகர்)

வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் அந்த வருமானம் யாருடையது? கம்பர்லாந்துக்காரருடையது. அவர் சம்பளத்துக்கு அவர் ஊர் வீடு எட்டுமா என்பதைத்தான் உங்கள் எக்செல் சொல்கிறது. உங்கள் சம்பளம் ஜெர்சி சிட்டியிலிருந்து வருகிறது, அங்கே வாரம் மூன்று நாள் போயும் ஆக வேண்டும் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விஷயம் எக்செல்லில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

கவுன்ட்டி சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். மெர்சர் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்ஸ்டனும் அதற்குள்தான், டிரென்டனும் அதற்குள்தான். இரண்டு ஊர் விலையையும் கலந்து நடுவில் ஓர் எண்ணை எடுத்தால், அந்த விலைக்கு பிரின்ஸ்டனில் வீடு கிடைக்காது, டிரென்டனில் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். இந்த மாநிலத்தில் 564 நகராட்சிகள். சொத்து வரி அங்கே முடிவாகிறது. வரி பில்லில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. கவுன்ட்டிக்கு என்று போவது ஒரு பங்குதான்.

அடுத்தது வரி விகிதம். கோயில் பிரசாத வரிசையில்கூட இதைக் கேட்கிறேன்: "எடிசனில் வரி அஞ்சு பர்சென்ட்டுக்கு மேலயாம், அந்தப் பக்கமே போகாதே." அது பொது விகிதம். பல வருஷங்களுக்கு முன் போட்ட மதிப்பீட்டின் மேல் அது விழுகிறது. இப்படிப் பாருங்கள். ஒரு ஊரில் இன்று 5.5 லட்சம் டாலர் போகும் வீட்டுக்கு ஏட்டில் மதிப்பு 1.8 லட்சம்தான், விகிதம் 5.5. வரி 9,900 டாலர். இன்னொரு ஊரில் அதே விலை வீட்டுக்கு மதிப்பீடு 5 லட்சம், விகிதம் வெறும் 2.5. வரி 12,500. குறைந்த விகிதத்தைப் பார்த்து ஓடினவர் வருஷத்துக்கு 2,600 டாலர் கூடுதலாகக் கட்டுவார். ஒப்பிட வேண்டுமானால் நிஜ விகிதத்தை, அதாவது இன்றைய விலையில் வரி எத்தனை சதவீதம் என்பதை, ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, அந்த வீட்டுக்குப் போன வருஷம் வந்த வரி பில் எத்தனை டாலர் என்று கேளுங்கள். அது ரகசியம் இல்லை, ஊர் வரி அலுவலகத்தில் சொல்வார்கள்.

உங்கள் தெற்குக்கு வருகிறேன். கேம்டன் கவுன்ட்டிப் பக்கம் நிஜ விகிதம் 3 சதவீதத்தைத் தாண்டும் ஊர்கள் உண்டு. 4 லட்சம் வீடு, 20 சதவீதம் முன்பணம், 6.5 சதவீத வட்டி, 30 வருஷம் என்று வைத்தால் கடன் தவணை மாதம் 2,022 டாலர். வரி 3.3 சதவீதமானால் மாதம் 1,100. உங்கள் பக்கம் 5 லட்சம் வீட்டுக்குத் தவணை 2,528, வரி 2 சதவீதமானால் 833. விலையில் ஒரு லட்சம் வித்தியாசம். தவணையில் 506 டாலர் மிச்சம் என்று துள்ளுவீர்கள். வரியைச் சேர்த்தால் மிச்சம் 239. இரண்டாவது காருக்கு இன்சூரன்ஸ், பெட்ரோல், டோல் கட்டின பிறகு அந்த 239 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நேர்மாறாக, கேப் மே கவுன்ட்டியில் நிஜ விகிதம் குறைவு. கடற்கரை வீடு வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் வரி கட்டுகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போவதில்லை. அதற்காக அங்கே குடியேறி ஜெர்சி சிட்டிக்கு வேலைக்குப் போவீர்களா?

2024இல் மாநிலச் சராசரி வரி பில்லே பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. இங்கே வீட்டு விலை என்பது பாதிக் கதைதான். எக்செல்லை அழிக்க வேண்டாம். கவுன்ட்டிப் பெயர் இருக்கும் இடத்தில் நிஜமான ஐந்து வீடுகளின் முகவரியைப் போடுங்கள். தவணை, வரி, இன்சூரன்ஸ், எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கச் சந்தா), ரயில் பாஸ், ஸ்டேஷன் பார்க்கிங், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். பிறகு வீட்டம்மாவிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிளெய்ன்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர் இரண்டுக்கும் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அப்புறம் கவுன்ட்டி எதுவானால் என்ன? 11 லட்சம் ரேஞ்சில் பார்க்கிறோம். (வாசகி)

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை அம்மா, பேங்க்குக்கு இருக்கிறது. பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸில், வெஸ்ட் வின்ட்சர் மெர்சரில். வழக்கமான வீட்டுக் கடனுக்கு எவ்வளவு வரை என்ற உச்சவரம்பைக் கவுன்ட்டி வாரியாகத்தான் வைக்கிறார்கள். 2025இல் மிடில்செக்ஸுக்கு 12,09,750 டாலர். மெர்சருக்கு 8,06,500. வருஷா வருஷம் மாறும், இடைவெளி அப்படியே நிற்கும். 11 லட்சம் வீட்டுக்கு 20 சதவீதம் போட்டால் உங்கள் கடன் 8.8 லட்சம். பிளெய்ன்ஸ்பரோவில் அது சாதாரணக் கடன். அடுத்த ஊரில் அதுவே வரம்பைத் தாண்டிய கடன், அதாவது ஜம்போ. ஜம்போ என்றால் வட்டி கூடியே தீரும் என்றில்லை. ஆனால் கையிருப்பு காட்டு, இன்னும் ஒரு ஸ்டேட்மென்ட் கொடு என்று உயிரை எடுப்பார்கள். நான் சொல்லும் ஒரே உருப்படியான கவுன்ட்டி வித்தியாசம் இது.

கேள்வி: புது டவுன்ஹவுஸ் வாங்கினோம். "டாக்ஸ் ரொம்பக் கம்மி" என்று விற்றவர்கள் சொன்னார்கள். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. இப்போது பெரிய வரி பில்லும், எஸ்க்ரோ (வரிக்கென்று பேங்க் மாதாமாதம் பிடித்துவைக்கும் பணம்) பற்றாக்குறைக் கடிதமும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன. ஏமாந்துவிட்டோமா? (மன்ரோ வாசகர்)

ஆமாம். நானும் இதே குழியில் விழுந்தவன், கையைக் கொடுங்கள்.

2006இல் நான் வாங்கியதும் புது டவுன்ஹவுஸ்தான். கிரானைட் மேடைக்கு இரண்டு மணி நேரம் பேரம் பேசினேன். வரி எவ்வளவு என்றதற்கு ஒரு தாளைக் காட்டினார்கள், தலையாட்டினேன். அந்தத் தாளில் இருந்தது வெறும் மண்ணுக்கான வரி. இந்த மாநிலத்தில் முந்தைய அக்டோபர் 1 அன்று என்ன நிற்கிறதோ அதற்குத்தான் வழக்கமான மதிப்பீடு. அன்று அங்கே புல் முளைத்திருந்தால் புல்லுக்கு வரி. வீடு எழுந்த பிறகு சேர்ப்பு மதிப்பீடு என்று தனி பில் அக்டோபர் வாக்கில் வந்து, நவம்பர் 1 கெடு வைக்கும். பேங்க் அந்த மண் வரியை வைத்து எஸ்க்ரோ பிடித்திருக்கும். எனக்கு மாதத் தவணை ஒரே அடியாக 600 டாலருக்கு மேல் ஏறியது. அந்த கிரானைட் மேடையில் உட்கார்ந்துதான் கடிதத்தைப் பிரித்தேன்.

பற்றாக்குறையை 12 மாதங்களுக்குப் பிரித்துக் கட்டுகிறேன் என்று பேங்க்கிடம் கேளுங்கள், ஒத்துக்கொள்வார்கள். சேர்ப்பு மதிப்பீடு அநியாயம் என்று தோன்றினால் கவுன்ட்டி வரி வாரியத்தில் டிசம்பர் 1க்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் வீட்டை ஒத்த வீடுகள் என்ன விலைக்குப் போயின என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், கண்ணீர் எடுபடாது.

கேள்வி: 10 லட்சத்துக்கு மேல் வீடு வாங்கினால் வாங்குபவர் 1 சதவீதம் மேன்ஷன் டாக்ஸ் கட்ட வேண்டுமாமே?

2025 ஜூலை 10க்கு முன் அப்படித்தான். இப்போது அது விற்பவர் தலையில். அதை விலையில் ஏற்றுவாரா என்று கேட்காதீர்கள், ஏற்றப் பார்ப்பார்.

கேள்வி: எங்களோடு எட்டு பேர் போட்டி. ஏஜென்ட் சொன்னதால் இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். 1960களில் கட்டின வீடு. கையெழுத்துப் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நீங்கள் பதில் சொல்லும் வரை பொறுமையாக இருக்கிறோம். (வாசகர்)

தம்பி, இது மாதம் ஒரு முறை வரும் பகுதி. ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்தில், கையெழுத்தான பிரதி கைக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வக்கீலை வைத்து அதை நிராகரிக்கலாம். அந்த மூன்று நாளில் இரண்டை எனக்குக் கடிதம் எழுதி வீணடித்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டேன், வக்கீலைக் கூப்பிட்டீர்களா இல்லையா தெரியவில்லை. இங்கே எழுதுவது மற்றவர்களுக்கு.

பழைய வீடு என்றால் நியூ ஜெர்சியில் முதலில் கேட்க வேண்டியது, மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்பது. கேஸ் வருவதற்கு முன் ஹீட்டிங்குக்கு எண்ணெய் ஊற்றிப் புதைத்த இரும்புத் தொட்டி. துருப்பிடித்து ஒழுகினால் மண்ணையே அள்ள வேண்டும், வீட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் கையை விரிக்கும். எனக்கு எப்படித் தெரியும்? டவுன்ஹவுஸை விற்றுவிட்டு வாங்கின என் இரண்டாவது வீட்டில், பின்பக்கச் சுவரோரம் ஹைட்ரேஞ்சியா செடிக்குப் பின்னால் இரும்புக் குழாய் ஒன்று இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. உறுதியாக இருக்கிறதே என்று அதில் கொடி கட்டி நான்கு வருஷம் வேட்டி காயப்போட்டோம். டெக் போடப் பள்ளம் தோண்டிய அன்றுதான் அது தொட்டியின் காற்றுக்குழாய் என்று தெரிந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஊருக்குப் போகவில்லை.

தொட்டி தேடும் ஸ்கேனுக்குச் சில நூறு டாலர்தான். நகராட்சியில் அந்த வீட்டின் பெர்மிட் தாள்களை ஓப்ரா என்ற பொது ஆவணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். போட்டி பலமாக இருந்தால் 'சின்னச் சின்ன ரிப்பேர் கேட்க மாட்டேன்' என்று எழுதுங்கள். 'பார்க்கவே மாட்டேன்' என்று எழுதாதீர்கள். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்.

கேள்வி: 2022இல் மேன்வில்லில் வீடு வாங்கினோம். விலை மற்ற சாமர்செட் ஊர்களைவிடக் குறைவு என்று சந்தோஷப்பட்டோம். வெள்ளம் வந்ததுண்டா என்று கேட்டோம், இல்லை என்றார் விற்றவர். பேஸ்மென்ட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. போன மழையில் முட்டளவு தண்ணீர். பக்கத்து வீட்டம்மா இப்போதுதான் சொல்கிறார், ஐடா புயலில் கூரை வரை பார்த்த தெரு என்று. (வாசகி)

படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் அம்மா. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். பதில்தான் பொய்.

விற்பவர் வெள்ள வரலாற்றை எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உங்கள் கதை முடிந்துவிடவில்லை. தெரிந்த குறையை மறைப்பதும், கேட்டபோது பொய் சொல்வதும் அதற்கு முன்பும் மோசடிதான். அதற்கு வழக்குப் போட இங்கே ஆறு வருஷம் அவகாசம். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள். ஃபர்னஸின் கால்களில் துரு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, ஷீட்ராக் (சுவர்ப் பலகை) கீழ் நான்கு அடி மட்டும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டம்மா 2021 செப்டம்பரில் எடுத்த போட்டோ கட்டாயம் வைத்திருப்பார். வாங்கிக்கொண்டு வக்கீலிடம் போங்கள். கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டை இன்றே எடுங்கள், பொதுவாக அது அமலாக 30 நாள் ஆகும். வெள்ளத்தில் மூழ்கும் வீடுகளை மாநிலமே வாங்கிக்கொள்ளும் புளூ ஏக்கர்ஸ் திட்டத்திலும் விசாரித்து வையுங்கள்.

ராரிடன் ஆறும் மில்ஸ்டோன் ஆறும் சேரும் இடம் அது. அங்கே ஏன் விலை இறங்கியிருக்கிறது என்று உங்கள் ஏஜென்ட்டாவது சொல்லியிருக்கலாம்.

கேள்வி: குறைந்த வருமான வீட்டுத் திட்டத்துக்கு என் சம்பளம் அதிகம் என்று கம்பர்லாந்தில் சொல்லிவிட்டார்கள். ஹில்ஸ்பரோவில் தகுதி உண்டு என்கிறார் நண்பர். அதெப்படி? (வாசகர்)

நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். மாநிலத்தை ஆறு வட்டாரமாகப் பிரித்து வருமான வரம்பு வைத்திருக்கிறார்கள். ஹன்டர்டன், மிடில்செக்ஸ், ஹில்ஸ்பரோ இருக்கும் சாமர்செட் ஒரு வட்டாரம். அங்கே எல்லோர் வருமானமும் அதிகம், அதனால் வரம்பும் அதிகம். கம்பர்லாந்து, சேலம், அட்லான்டிக், கேப் மே வேறு வட்டாரம். வட்டார நடு வருமானத்தில் 80 சதவீதம் வரை மிதமான வருமானம் என்று கணக்கு. அங்கே 'பணக்காரர்' ஆன நீங்கள் இங்கே வரிசையில் நிற்கலாம். வரிசை நீளம். இன்றே பெயர் கொடுங்கள்.

கேள்வி: ஹட்சன் கவுன்ட்டி வாடகை தாங்காமல் யூனியன் பக்கம் மாறினோம். 2,400 டாலர் வாடகைக்கு இரண்டு மாத டெபாசிட் வாங்கின பழைய உரிமையாளர், இரண்டு மாதமாகியும் திருப்பித் தரவில்லை.

வாங்கினதே தப்பு. டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கூடாது, உங்களுக்கு 3,600 வரைதான். காலி செய்து 30 நாளுக்குள் கழிவுக் கணக்கோடு திருப்ப வேண்டும். தவறினால் இரட்டிப்பு கேட்கலாம். முதலில் ரிஜிஸ்டர்டு தபால், பிறகு சிறப்பு சிவில் பிரிவு. சின்னத் தொகைக் கோர்ட்டின் 5,000 வரம்பை உங்கள் இரட்டிப்பு தாண்டும். உரிமையாளரே அதே சிறிய கட்டடத்தில் குடியிருந்தால் விதி கொஞ்சம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எந்த கவுன்ட்டியில் இருக்கிறீர்கள்? அங்கே ஏதாவது விலைக்கு வந்தால் சொல்லுங்களேன்.

மிடில்செக்ஸ். எங்கள் பக்கத்து வீடு போன வாரம்தான் விலைக்கு வந்தது. நல்ல வெயில் விழும் வீடு, ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். பின்பக்கச் சுவரோரம் ஹைட்ரேஞ்சியா இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு குழாயும்.