மகனிடம் எதைச் சொல்ல, எவ்வளவு சொல்ல?

கேள்வி: கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். ஞாயிறுதோறும் போனில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று எல்லாம் சொல்வேன். பணத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இப்போது கொழுந்தனார் ஒரு கடனுக்கு என் ஜாமீன் கையெழுத்தைக் கேட்கிறார். சொன்னால் மகன் அவரிடம் சண்டைக்குப் போவான். அவனோ, "உன் கணக்குல என் பேரையும் சேர்த்துடும்மா" என்கிறான். எனக்கு ஒரு மகளும் உண்டு. என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடும் முன் மகனிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பலரும் ஜாமீனைச் சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால், பாக்கியை வட்டியோடு உங்களிடம் கேட்கலாம். உங்கள் டெபாசிட்டுக்கும் ஆபத்து வரும். இன்றைக்குச் சொன்னால் மகன் கோபப்படுவான், அவ்வளவுதான். நாளைக்கு நோட்டீஸ் வந்து அவனுக்குத் தெரிந்தால் குடும்பமே இரண்டாகிவிடும். "பிள்ளைகளைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை" என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். மறுக்கச் சங்கடப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அடுத்து, கணக்கில் பெயர் சேர்ப்பது. இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கில், உங்கள் கையெழுத்து இல்லாமலே மகன் முழுப் பணத்தையும் எடுக்க முடியும். மகன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்குக் கடன் தொல்லை வந்தால் இந்தப் பணமும் அதில் சிக்கக்கூடும். உங்களுக்குப் பிறகு மகளின் பங்கு என்ன என்ற கேள்வியும் எழும். எனவே சில மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் கூட்டுக் கணக்கில் வையுங்கள். திடீரென்று நீங்கள் படுத்துவிட்டால் அவன் எடுத்துச் செலவு செய்ய அது போதும். டெபாசிட்கள் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்த டெபாசிட்களில் நாமினி, அதாவது உங்களுக்குப் பிறகு வங்கியிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளக் குறிக்கப்பட்டவர், யார் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் கணவர் பெயரே இன்னும் இருக்கும். இந்த வாரமே மாற்றுங்கள். நாமினிக்கே பணம் சொந்தமா, அவர் வாங்கி வாரிசுகளுக்குத் தர வேண்டியவரா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் யாருக்கு எது என்று ஓர் உயிலும் எழுதிவிடுங்கள்.

மகனிடம் தொகையைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு நோட்டில் வங்கி, கிளை, கணக்கின் கடைசி நான்கு எண்கள், முதிர்வுத் தேதி, ரசீது எந்த அலமாரியில் என்று எழுதி வையுங்கள். பின் நம்பர், பாஸ்வேர்டு அதில் வேண்டாம். நோட்டு இருக்கும் இடத்தை மகளுக்கும் அதே நாளில் சொல்லுங்கள். ஒருவருக்கு முதலில், மற்றவருக்குப் பிறகு என்றால் அதுவே ஒரு மனஸ்தாபம்.

கொழுந்தனாருக்கு உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் உங்கள் மாதச் செலவு இடிக்காத ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். ஜாமீன் மட்டும் வேண்டாம்.