வடிகால் புகாருக்குச் சரியான பதில் வரவில்லையா? ஆவணத்தைக் கேளுங்கள்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பின்பக்க வடிகால் அடைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. எப்போது கேட்டாலும் ‘நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்கிறார்கள். துப்புரவு வேலையை எடுத்த குத்தகைக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்த வடிகால் யார் பொறுப்பு என்று முதலில் பாருங்கள். உங்கள் குடியிருப்பின் எல்லைக்குள் ஓடினால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி உங்கள் நிர்வாகக் குழுதான் பார்க்க வேண்டும். சாலையோர வடிகால் என்றால் மாநகர் மன்றம். ஆற்றில் சேரும் பெரிய வடிகால் பெரும்பாலும் ஜே.பி.எஸ். எனும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. இடம் மாறிப் போன புகார் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, மாநகர் மன்றம்தான் என்று வைத்துக்கொள்வோம். பினாங்கில் இருப்பவர்களுக்கு நல்ல ஆயுதம் ஒன்று உண்டு: 2015இல் நடைமுறைக்கு வந்த மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம். மாநில இலாகாக்களும் ஊராட்சி மன்றங்களும் இதற்குள் வரும். கூட்டரசு (மத்திய அரசு) இலாகாக்கள் வராது. கோலாலம்பூர் உறவினர்கள் கேட்டால் இந்த வழியைச் சொல்லாதீர்கள், அங்கே இது செல்லாது.

பலர் சறுக்குவது விண்ணப்பத்தில்தான். ‘ஏன் வேலை நடக்கவில்லை?’ என்று எழுதினால் விளக்கக் கடிதம்தான் வரும். தாளைக் கேளுங்கள். ‘இந்தச் சாலையில், இன்ன எண் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வடிகாலைத் துப்புரவு செய்யக் கொடுத்த வேலை உத்தரவு, வேலை முடிந்ததற்கான சான்று, பணம் கொடுத்த பதிவு, மூன்றின் நகலும் வேண்டும்’ என்று எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதோடு எழுதுங்கள். வேலை முடிந்ததாகக் கையெழுத்து இருந்து, வடிகாலில் சேறும் இருந்தால், அதற்குமேல் யாரும் மழுப்ப முடியாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். கிடைத்ததை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் வருவதைத் தரமாட்டார்கள். ஆனால் வடிகால் துப்புரவில் மறைக்க என்ன இரகசியம் இருக்கிறது? மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பத்துக்கு முன்பே மன்றத்தின் இணையப் பக்கத்தில் ‘கெபுத்துசான் செபுத் ஹர்கா’ (விலைப்புள்ளி முடிவுகள்) பகுதியைத் தேடிப் பாருங்கள். சில வேலைகளை யார் எவ்வளவு வெள்ளிக்கு எடுத்தார்கள் என்பது அங்கேயே கிடைத்துவிடும். மன்றத்தின் முழுக் கூட்டத்துக்கும் நீங்கள் போய் உட்காரலாம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், மன்றமே வேறு தீர்மானம் போட்டாலொழிய, அதைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. நம்மவர்கள் இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உங்கள் பகுதி மன்ற உறுப்பினரிடம் புகார் எண்ணைக் கொடுத்து, கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அப்புறம், அந்தப் பணம் பற்றிய பேச்சு. ஆவணம் கையில் வரும்வரை வாட்ஸ்அப் குழுவில் யார் பெயரையும் போடாதீர்கள். முறைகேடு நடந்ததாக நம்பக் காரணம் கிடைத்தால் நேரே ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போங்கள். தகவல் கொடுப்பவரைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு, ஃபேஸ்புக்கில் போட்டால் கிடையாது.