எண்ட்ரோபியும் வயலினும்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தரவுச் சுருக்கம் என் தலைப்பு. முன்பு படித்தது இயற்பியல். உடன் ஆய்வு செய்பவர்கள் பள்ளி நாளிலிருந்தே நிரல் எழுதியவர்கள். நான் தாமதமாக வந்தவள் என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் வயலின் வாசிப்பேன். அதையும் ஆய்வுக்கே கொடுத்துவிடலாமா?

க.

அன்புள்ள க,

உங்கள் துறையின் அடித்தளமே இயற்பியலோடு உறவுள்ளது. ஒரு கோப்பை இழப்பில்லாமல் எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு 1948-இல் எல்லை வகுத்தார் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன். அந்த எல்லையைச் சொல்லும் அளவைக்கு அவர் வைத்த பெயர் எண்ட்ரோபி. வெப்ப இயக்கவியல் வகுப்பில் நீங்கள் பார்த்த சூத்திரத்தின் அதே வடிவம். மற்றவர்கள் மனப்பாடம் செய்யும் இடத்தில் உங்களுக்குப் பழைய அறிமுகம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களிடம், இறுதித் தேர்வுக்குப் பதில் ஒரு கட்டுரை தரலாம் என்றார். எழுத்துகளை மிகக் குறைந்த பிட்டுகளில், அதாவது 0, 1 என்ற இலக்கங்களில், குறியிடுவது எப்படி என்பது கேள்வி. ஃபானோவே அதற்கு முழு விடை காணாதவர். டேவிட் ஹஃப்மன் என்ற மாணவருக்கு அது தெரியாது. மாதக்கணக்கில் முயன்று, கைவிட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று நினைத்த வேளையில் பிடி கிடைத்தது. ஃபானோ எல்லா எழுத்துகளையும் மேலிருந்து பிரித்துக்கொண்டே போனார். ஹஃப்மன் கீழிருந்து சேர்த்தார். மிக அரிதாக வரும் இரண்டு எழுத்துகளை இணை, அந்த இணையை ஒரே எழுத்தாக எண்ணி மறுபடி இணை, எல்லாம் ஒரு மரமாகச் சேர்ந்து வேரை எட்டும் வரை. ஜிப் கோப்புகளில் இன்றும் அந்த மரம் இருக்கிறது. இது கடினம் என்று யாரும் முன்கூட்டி அவரைப் பயமுறுத்தவில்லை. தாமதமாக வருபவர்களுக்கும் அந்த நன்மை உண்டு.

வயலினுக்கு வருகிறேன். பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தையில் ஷானனுக்குத் தீராத ஆர்வம். அதற்கு ஒரு தேற்றமே எழுதினார். ஆனால் உங்கள் இசையும் ஒருநாள் ஆய்வுக்கு உதவும் என்று சொல்ல மாட்டேன். உதவாமலே போகட்டும். ஆய்வில் இன்று செய்தது சரியா என்று தெரிய மாதங்கள் ஆகும். சுருதி விலகினால் அந்த நொடியே காது சொல்லிவிடும். உடனே பதில் கிடைக்கும் ஒரு வேலை நாளில் இருந்தாக வேண்டும் என்று நம்புகிறேன். நெறியாளர் அந்த மணியில் சந்திப்பு வைத்தால், தயங்காமல் வேறு நேரம் கேளுங்கள்.